டிராஃப்ட் வாதத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்

2025 ஏப்ரல், மில்வாக்கி, எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறை. எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்துகொண்டே எங்கள் விஸ்கான்சின் மாநிலத்து அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸைப் பற்றி நான் ஒரு பெரிய உண்மையைச் சொன்னேன்: "பேக்கர்ஸுக்கு முதல் தேவை சென்டர்தான். ஜாஷ் மையர்ஸ் ஜெட்ஸுக்குப் போய்விட்டாரே." மேசையில் இருந்த ஐந்து பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். வயதில் மூத்தவர், பச்சைத் தொப்பிக்காரர், பொறுமையாகச் சொன்னார்: "ஆரன் பேங்க்ஸை எடுத்தாச்சு. அவர் இடது கார்டு. அங்கே ஆடிக்கொண்டிருந்த எல்க்டன் ஜென்கின்ஸ் சென்டருக்கு வருகிறார். மார்ச் மாதமே முடிந்த கதை." (பந்தை எறிபவரைக் காக்கும் முன்வரிசையில் நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்குப் பக்கத்தில் கார்டு.) தோற்றவர் எல்லாருக்கும் சீஸ் கர்ட்ஸ் (பாலாடைக்கட்டித் துண்டுகள்) வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் மேசை வழக்கம். வாங்கித் தந்தேன்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்து, வேலையிடத்தில் இந்தப் பேச்சு ஓடும்போது அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் பள்ளியில் உதைத்த கால்பந்து இல்லை இது, அமெரிக்கக் கால்பந்து. டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை என்.எஃப்.எல். லீக்கின் 32 அணிகளும் முறை வைத்து எடுப்பது. ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்கள் முதலில் அதை மறக்க வேண்டும். இங்கே யாரும் விலை கேட்பதில்லை, பலகை தூக்குவதில்லை. உங்கள் முறை (அதுதான் 'பிக்') வரும்போது மீதி இருப்பவர்களில் ஒருவரை எடுக்கலாம், அவ்வளவுதான். ஏழு சுற்று, மூன்று நாள்.

உதாரணங்களெல்லாம் பேக்கர்ஸ் பக்கமே இருக்கும். விஸ்கான்சினில் இருந்துகொண்டு வேறு எதைச் சொல்ல? உங்கள் அணி வேறென்றால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை அதேதான்.

1. முதலில் உங்கள் அணியிடம் எத்தனை பிக் இருக்கிறது என்று எண்ணுங்கள்

கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் முதல் சுற்று பிக்கே இல்லாத அணிக்கு முதல் சுற்றில் யாரை எடுக்கலாம் என்று அரை மணி நேரம் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் டாலஸிடமிருந்து மைக்கா பார்சன்ஸை வாங்க, பேக்கர்ஸ் கென்னி கிளார்க்கோடு 2026, 2027 இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் 2026-இல் அவர்களுடைய பேச்சு இரண்டாம் சுற்றில்தான் தொடங்க வேண்டும்.

வரிசை போடும் முறை எளிது. பிளே-ஆஃபுக்குப் போகாத 18 அணிகள் முதல் 18 இடங்கள், மோசமாக ஆடியவர் முதலில். பிறகு பிளே-ஆஃபில் வெளியேறிய வரிசை. இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் தோற்றவர் 31, வென்றவர் 32. இதன் மேல் பிக் விற்பனை, கைமாற்று எல்லாம் வரும்.

ஒரு கண்ணி: இழப்பீட்டு பிக். போன ஆண்டு ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களின் சந்தை) வாங்கியதை விட அதிகமாக இழந்த அணிக்கு மூன்றாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை கூடுதல் பிக் கிடைக்கும். மார்ச் மாதத்தில்தான் இந்தப் பட்டியல் வரும். அதற்கு முன் எடுத்த பிக் பட்டியலை நம்ப வேண்டாம்.

2. நான்கு தாள்களைச் சேருங்கள், செலவு ஒரு காசு கிடையாது

வேண்டியவை: ரோஸ்டர் (அணியில் இப்போது இருக்கும் எல்லாருடைய பெயரும்), டெப்த் சார்ட் (எந்த இடத்தில் யார் முதல், யார் மாற்று), ஒப்பந்தப் பட்டியல், சம்பள வரம்புக் கணக்கு. முதல் இரண்டும் அணியின் தளத்திலேயே கிடைக்கும். கடைசி இரண்டையும் ஓவர் தி கேப், ஸ்போட்ராக் என்ற இணையதளங்கள் இரண்டில் எதிலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே சந்தா கட்டி ஐந்நூறு பக்க ஆட்டக்காரர் கையேடு வாங்காதீர்கள். நான் வாங்கினேன். நம் அணியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதவனுக்கு, வரப்போகிறவர்களில் ஐந்நூறு பேரின் கை நீளம் தெரிந்து என்ன பயன்?

இனி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள்: இடம், ஆடுபவர், அவருக்குப் பின்னால் இருப்பவர், ஒப்பந்தம் முடியும் ஆண்டு. 2025 ஏப்ரலில் நான் சரியாகப் போட்டிருந்தால் என் தாள் இப்படி இருந்திருக்கும்:

இடது டாக்கிள் (முன்வரிசையின் ஓரம்): ரஷீத் வாக்கர், 2025. பின்னால் ஜோர்டன் மார்கன், 2027.
வலது டாக்கிள்: ஸாக் டாம், 2025.
சென்டர்: எல்க்டன் ஜென்கின்ஸ், 2026.
ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்): கிறிஸ்டியன் வாட்சன், 2025 (முழங்கால் காயம்). ரோமியோ டப்ஸ், 2025. ஜேடன் ரீட், 2026.

அந்தக் கடைசிப் பத்திதான் இந்தத் தாளின் உயிர். ஆண்டைப் படிப்பதில் எல்லாரும் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள்: 2025 என்றால் 2025 ஆட்டப் பருவம் வரை என்று பொருள். அந்த ஆள் சந்தைக்கு வருவது 2026 மார்ச்சில். "ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆளைக் காணோம்" என்று ஓராண்டு முன்னதாகவே ஒப்பாரி வைத்துவிடாதீர்கள்.

மொத்தத் தாளையும் நிரப்ப ஒரு சாயங்காலம் போதும். முதல்முறை எனக்கு மூன்று மணி நேரம் ஆனது, இப்போது ஒன்றரை.

எண்ணிக்கையில் ஒரு சின்ன விஷயம். பருவ காலத்தில் ரோஸ்டர் 53 பேர், கோடையில் 90 பேர் வரை. ஏப்ரலில் பெயர்கள் நிறைய தெரிவதால் ஆள் இருக்கிறது என்று ஆகிவிடாது. போன பருவத்தில் எத்தனை ஆட்டத்தில் இறங்கினார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். அதேபோல் டெப்த் சார்ட்டில் இரண்டு கார்னர் (எதிரணி ரிசீவரை மறிப்பவர்) பெயர் இருக்கிறதே என்று அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். இந்தக் காலத்தில் பெரும்பாலான ஆட்ட நேரம் பின்வரிசையில் ஐந்து பேரோடுதான் போகிறது. மூன்றாவது கார்னரும் முதன்மை ஆட்டக்காரர்தான்.

3. தேவைப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: இந்த ஆண்டு ஓட்டை, அடுத்த ஆண்டு ஓட்டை

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நாம் கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைப் பார்த்துப் பேசுகிறோம். மேலாளர்கள் அந்த ஓட்டையை மார்ச்சில் காசு கொடுத்து அடைத்துவிடுகிறார்கள். ஏப்ரலில் அவர்கள் வாங்குவது அடுத்த ஆண்டு விழப்போகும் ஓட்டைக்கு.

மேலே இருக்கும் தாளை மறுபடி பாருங்கள். 2025-இல் எங்கள் மேசையில் ஒருவர்கூட டாக்கிள் என்று சொல்லவில்லை. வாக்கர் இருக்கிறார், டாம் இருக்கிறார், போன ஆண்டுதான் முதல் சுற்றில் மார்கனை எடுத்தார்கள், இன்னொருவர் எதற்கு? வெள்ளிக்கிழமை இரவு 54-ஆவது இடத்தில் பேக்கர்ஸ் எடுத்தது நார்த் கரோலைனா ஸ்டேட்டின் ஆன்டனி பெல்டன், டாக்கிள். மேசையில் எல்லாரும் தலையில் கை வைத்தோம். ஆனால் இரண்டு டாக்கிளுக்கும் 2025 என்று தாளில் எழுதியிருந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஸாக் டாமுக்குக் கோடையில் புதிய ஒப்பந்தம் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஏப்ரலில் அது யாருக்கும் நிச்சயமில்லை.

முதல் சுற்றில் மேத்யூ கோல்டன் வந்ததும் இதே கணக்குத்தான். வாட்சன், டப்ஸ் இருவரும் ஒரே ஆண்டில் வெளியே வருகிறவர்கள், அதிலும் ஒருவர் காயத்தில்.

பந்தை எறியும் குவாட்டர்பேக் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாக வேலை செய்யும். 2020-இல் பேக்கர்ஸ் அரையிறுதியில் தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். விசிறிகள் எல்லாரும் ஆரன் ராஜர்ஸுக்கு ஒரு நல்ல ரிசீவர் வேண்டும் என்று கேட்டார்கள். அணி 30-ஆவது இடத்திலிருந்து 26-க்கு ஏறிப்போய் ஜோர்டன் லவ்வை எடுத்தது. குவாட்டர்பேக்! அந்த டிராஃப்ட் முழுக்க ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டும் ராஜர்ஸ்தான் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். லவ் முதன்மை இடத்துக்கு வந்தது 2023-இல்.

அட்லாண்டாக்காரர்களுக்கு இதைவிடச் சூடு. 2024 மார்ச்சில் கர்க் கசின்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம். ஏப்ரலில் எட்டாவது இடத்தில் மைக்கேல் பெனிக்ஸ், அவரும் குவாட்டர்பேக். தடுப்பாட்டத்துக்கு எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை விரட்டுபவர்) வரப்போகிறார் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் பெனிக்ஸ் இறங்கிவிட்டார்.

அதனால் தாளின் கீழே இரண்டு வரி எழுதுங்கள். ஒன்றில் இந்த செப்டம்பரில் ஆள் இல்லாத இடங்கள். மற்றதில் அடுத்த மார்ச்சில் ஆள் போகப்போகிற இடங்கள். இரண்டிலும் வரும் இடம் எதுவோ, அதைத்தான் சத்தமாகச் சொல்லலாம்.

4. நாள்காட்டி

பிப்ரவரி முடியும்போது இண்டியானாபொலிஸில் காம்பைன் (கல்லூரி ஆட்டக்காரர்களின் திறன் சோதனை). மார்ச் தொடக்கத்தில் ஃபிராஞ்சைஸ் டேக் (ஒப்பந்தம் முடிகிறவரை இன்னும் ஓராண்டு பிடித்து வைக்கும் உரிமை) கடைசி நாள். மார்ச் நடுவில் ஃப்ரீ ஏஜென்சி. அதிகாரபூர்வமாகப் புதன்கிழமை மாலை திறக்கும், ஆனால் திங்கட்கிழமையிலிருந்தே பேச்சுவார்த்தைக்கு அனுமதி உண்டு. பெரிய பெயர்களெல்லாம் அந்த இரண்டு நாளிலேயே போய்விடும். ஏப்ரல் கடைசி வாரம் டிராஃப்ட்.

இதில் நீங்கள் தாள் போட வேண்டிய நேரம் மார்ச் கடைசி வாரம். அதற்கு முன் போட்டதைக் கிழித்துப் போடுங்கள். என் சென்டர் கதை இதனால்தான் நடந்தது: மையர்ஸ் போனதைப் பார்த்துத் தாளில் எழுதினேன், பேங்க்ஸ் வந்ததைப் பார்த்துத் தாளைத் திருத்தவில்லை. நெய்ட் ஹாப்ஸ் என்ற கார்னரும் அதே வாரம் வந்திருந்தார், அதையும் கோட்டைவிட்டேன்.

5. காசுக் கணக்கைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளுங்கள்

2025-இல் ஒரு அணியின் சம்பள வரம்பு 27.92 கோடி டாலர். டிராஃப்டில் வருகிறவர்களுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், தொகை பெரும்பாலும் எடுத்த இடத்தைப் பொறுத்து அமைந்துவிடும், பேரம் அதிகம் இல்லை. 2025-இன் முதல் பிக், டென்னசியின் கேம் வார்ட், நான்கு ஆண்டுக்குமாகச் சேர்த்து 4.9 கோடி டாலரை ஒட்டி வாங்குகிறார். ஜோர்டன் லவ் 2024-இல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 5.5 கோடி டாலர். ஒரு குவாட்டர்பேக்கின் நான்கு ஆண்டும் இன்னொருவரின் ஒரே ஆண்டும்! இந்த ஒரு ஒப்பீட்டைச் சொன்னால் போதும், "குவாட்டர்பேக்கை ஏன் இவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்கள்?" என்ற கேள்வி அடங்கிவிடும்.

இதே காரணத்தால்தான் டாக்கிள், எட்ஜ், கார்னர், ரிசீவர் முதல் சுற்றில் போவதும், கார்டும் சேஃப்டியும் (தடுப்பாட்டத்தின் கடைசி வரிசை) பெரும்பாலும் காத்திருப்பதும். கடையில் விலை அதிகமான பொருளைத்தான் தோட்டத்தில் வளர்க்கப் பார்ப்பார்கள்.

முதல் சுற்று ஆட்டக்காரருக்கு மட்டும் ஐந்தாவது ஆண்டை நீட்டும் உரிமை அணியிடம் இருக்கும். மூன்று பருவம் முடிந்ததும், மே தொடக்கத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். 2022-இல் முதல் சுற்றில் வந்த இருவரில் டெவான்டே வையட்டுக்கு பேக்கர்ஸ் நீட்டினார்கள், குவே வாக்கருக்கு நீட்டவில்லை. அந்த நாளே, வாக்கர் ஆடும் லைன்பேக்கர் இடம் (தடுப்பாட்டத்தின் நடுவரிசை) அடுத்த ஆண்டு பட்டியலில் ஏறிவிட்டது.

இன்னொரு கண்ணி, ஜூன் 1. அந்தத் தேதிக்குப் பிறகு ஒருவரை விடுவித்தால் அவர் பெயரில் மிச்சமிருக்கும் சம்பள பாரத்தை இரண்டு ஆண்டுக்குப் பிரித்துச் சுமக்கலாம். அதனால் ஏப்ரலில் ரோஸ்டரில் இருப்பவர் ஜூனிலும் இருப்பார் என்று சொல்ல முடியாது. 2025-இல் கார்னர் ஜயர் அலெக்சாண்டர் டிராஃப்ட் அன்று அணியில்தான் இருந்தார், ஜூன் மாதம் விடுவித்துவிட்டார்கள். பெயரின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

6. வாதத்தில் வழுக்கிவிடும் இடங்கள்

"தேவை எதற்கு, இருப்பவரில் சிறந்தவரை எடுக்கட்டும்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். எதிர்த்துப் பயனில்லை, எல்லா மேலாளர்களும் செய்தியாளர் கூட்டத்தில் அதையேதான் சொல்கிறார்கள். "சரி, ஒரே தரத்தில் இரண்டு பேர் இருந்தால்?" என்று கேளுங்கள். பேச்சு மறுபடி தேவைக்கே வந்துவிடும்.

ஓட்ட வேகத்தில் மயங்காதீர்கள். 2017-இல் ஜான் ராஸ் காம்பைனில் 40 கஜத்தை 4.22 நொடியில் ஓடினார், சின்சினாட்டி ஒன்பதாவது இடத்தில் எடுத்தது, நிலைக்கவில்லை. 2024-இல் சேவியர் வொர்த்தி 4.21-இல் ஓடி அந்தச் சாதனையை முறித்தார். அவரை கன்சஸ் சிட்டி எடுத்தது 28-ஆவது இடத்தில்தான்.

"நம் அணி இன்னாரை நேரில் கூப்பிட்டுப் பேசியது" என்ற செய்திக்கும் அதிகம் துள்ள வேண்டாம். ஒவ்வொரு அணியும் 30 பேரைக் கூப்பிடலாம், அதில் பலர் கண் துடைப்பு.

"மேலே ஏறிப்போய் எடுத்துவிடலாமே" என்பவருக்கு ஒரு கணக்கு கையில் வைத்திருங்கள். ஜிம்மி ஜான்சன் பெயரில் வழங்கும் மதிப்பெண் அட்டவணைப்படி முதல் பிக் 3000, பத்தாவது 1300, இருபத்து மூன்றாவது 760. பேக்கர்ஸ் 2025-இல் 23-இலிருந்து 10-க்கு ஏற வேண்டுமென்றால், இரண்டாம் சுற்று 54 (360), மூன்றாம் சுற்று 87 (155) இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் 1275தான் வருகிறது. இன்னும் 25 குறை. இப்போது அணிகள் தாங்களே வேறு அட்டவணைகள் வைத்திருக்கின்றன, ஆனால் சாப்பாட்டு மேசைக்கு இது போதும்.

7. அந்த இரவு

முதல் சுற்று வியாழன் இரவு, கிழக்கு நேரம் 8 மணி. எங்களுக்கு 7. இந்தியாவில் இருப்பவர்களுக்கு வெள்ளி காலை 5:30, காபியோடு பார்க்கலாம். வெள்ளி 2, 3 சுற்றுகள், சனி நண்பகலில் இருந்து மீதி நான்கும். ஏ.பி.சி.யில் வருவதால் கேபிள் இல்லாதவர்கள் ஒரு சாதாரண உள்வீட்டு ஆன்டெனா வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது.

நேரில் போக ஆசை இருந்தால், நுழைவு இலவசம். என்.எஃப்.எல். ஒன்பாஸ் செயலியில் பதிவு செய்து அதில் வரும் குறியீட்டை வாசலில் காட்ட வேண்டும். போனில் மின்னூட்டம் போய்விட்டால் வரிசையில் நின்று தவிப்பீர்கள், பவர் பேங்க் கட்டாயம். பை ஒளி ஊடுருவும் பையாக இருக்க வேண்டும். துணிப்பையில் புளியோதரை கட்டிக்கொண்டு போன நண்பர் அரை மைல் நடந்து காரில் வைத்துவிட்டு வந்தார். விமானத்தில் போகிறீர்கள் என்றால் ரியல் ஐ.டி. ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ வேண்டும். விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையே எடுத்துப் போவது நிம்மதி.

செலவு முழுக்கத் தங்குமிடத்தில்தான். 2025-இல் கிரீன் பேயில் நடந்தபோது ஊருக்குள் அறை கிடைக்கவே இல்லை, கிடைத்ததும் வழக்கமான நாளை விடப் பல மடங்கு. நாங்கள் மில்வாக்கியிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிப்போய் இரவே திரும்பினோம். 2026-இன் இடம் பிட்ஸ்பர்க், 2027-இன் இடம் வாஷிங்டன் நேஷனல் மால். இடம் அறிவித்த வாரமே, ரத்து செய்ய முடிகிற அறையாகப் பதிவு செய்துவிடுங்கள். ஊரிலிருந்து முப்பது நாற்பது மைல் தள்ளித் தேடுங்கள்.

மேடை தெரியும் இடம் கிடைக்காது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் நின்ற இடத்திலிருந்து திரைதான் தெரிந்தது. கோல்டன் பெயரைச் சொன்னபோது முன்னால் இருந்து ஒரு இரைச்சல் அலை மாதிரி பின்னால் வந்தது. பேக்கர்ஸ் முதல் சுற்றில் ரிசீவர் எடுப்பது 2002-க்குப் பிறகு அதுதான் முதல்முறை.

8. சனிக்கிழமை மாலையோடு எழுந்துவிடாதீர்கள்

ஏழாம் சுற்று முடிந்த நிமிடத்திலிருந்து, யாரும் எடுக்காதவர்களோடு அணிகள் நேரடியாக ஒப்பந்தம் போடும். உங்கள் பட்டியலில் விட்டுப்போன மாற்று ஆட்டக்காரர் பலரும் அங்கேதான் வருவார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகு வாங்கும் ஃப்ரீ ஏஜென்ட் இழப்பீட்டு பிக் கணக்கில் சேரமாட்டார். அதனால் வயதான, மலிவான ஆட்களை அணிகள் அந்த வாரம் வாங்கத் தொடங்கும். டிராஃப்டில் அடைபடாத ஓட்டைக்கு அங்கே ஆள் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டத் தொடங்குங்கள்.

அப்புறம், மே தொடக்கத்தில் ஐந்தாவது ஆண்டு முடிவுகள் வந்ததும் புதிய தாள் எடுத்து, கடைசிப் பத்தியில் ஆண்டை மாற்றி எழுதி வைத்துவிடுங்கள். என் தாள் குளிர்பெட்டிக் கதவில், பால் கணக்குக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பச்சைத் தொப்பிக்காரர் தன் தாளை மணிபர்ஸில் வைத்திருக்கிறார் என்பதை அந்த சீஸ் கர்ட்ஸ் வாங்கிய அன்றுதான் பார்த்தேன், மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது.